நஞ்சு என்று யார் பெயர் வைத்தார்கள்?

தாம்பரத்தைத் தாண்டிச் செங்கற்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் மல்லிகைப்பூ மணத்துக்கும், கொய்யாப்பழக் கூடைக்கும், கல்லூரிப் பெண்களின் சிரிப்புக்கும் என்றைக்கும் குறைவில்லை. பொத்தேரி வந்ததும் மாணவிகள் கூட்டம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அடுத்த ஸ்டேஷன் காட்டாங்குளத்தூர். என் சித்தி பெண் வாழ்க்கைப்பட்ட ஊர் அது.

சில வருஷங்களுக்கு முன்பு அவளுக்கு வளைகாப்பு நடந்தது. தலைச்சன் பிள்ளை. இரண்டு கையிலும் முழங்கை வரையில் கண்ணாடி வளையல். ஐந்து வகைச் சாதம். ஆனால் மணைப் பலகையில் உட்கார்ந்திருந்தவளின் முகம் மட்டும் என்னவோ போல் இருந்தது. கண் இமைகள் தடித்திருந்தன. விரலில் கல்யாண மோதிரம் இறுகிப் பிடித்துக்கொண்டு கழலவில்லை.

"கால் வீங்கினால் சுகப்பிரசவம்" என்றார் ஒரு பெரியம்மா.

"முகம் உப்பினால் பிள்ளைக் குழந்தை" என்றார் இன்னொருவர்.

"நாலு நாளாகத் தலையை வலிக்கிறது, அக்கா" என்று என் காதோடு சொன்னாள் அவள். அதற்குள் மாமியார் தைல பாட்டிலுடன் வந்துவிட்டார்.

மறுநாள் மாமூல் பரிசோதனை. டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு தரம் பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். 160-க்கு 110. சிறுநீரில் புரதம். அன்றைக்கே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். எட்டாம் மாதப் பிள்ளை. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் கையகலத்தில் கிடந்தது. கடவுள் புண்ணியத்தில் தாயும் சேயும் பிழைத்தார்கள். அந்தப் பயல் இன்றைக்கு ஓடுகிற ஓட்டத்தில் அவனைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

ஆனால் அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "நான் என்ன தப்புப் பண்ணினேன், அக்கா?"

ஊறுகாய் தின்றது தப்பு என்றார்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனது தப்பு என்றார்கள். கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாளாமே என்று எதிர்வீட்டில் பேச்சு. ஆபீஸ் வேலையை விட மாட்டேன் என்றாளே, அதுதான் என்று சொல்லவும் ஆள் இருந்தது. ஆளுக்கொரு தீர்ப்பு. குற்றவாளி மட்டும் ஒருத்திதான்.

அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. பதில் முழுவதும் கிடைத்துவிடவில்லை. ஆனால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பிரசவமானதும் ஒரு தட்டில் எடுத்து அப்பால் வைத்துவிடுகிறார்களே, அந்த நஞ்சுக்கொடியில்!

நஞ்சு என்று அதற்கு யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. "வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் தாயைக் கொன்றுவிடும், அதனால்தான் அந்தப் பெயர்" என்பாள் என் பாட்டி. அதே பாட்டியின் வீட்டில் பசு கன்று போட்டால் கதை வேறு. இளங்கொடி எப்போது விழும் என்று விளக்கு வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றிக் கோணியில் கட்டி ஆலமரக் கிளையில் தொங்கவிடுவார்கள். பாலுள்ள மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்று நம்பிக்கை. மாட்டின் கொடிக்குக் கிடைத்த அந்த மரியாதை மனுஷியின் கொடிக்குக் கிடைக்கவில்லை!

விஷயம் என்னவென்றால், நஞ்சுக்கொடி தாயின் உறுப்பே அல்ல, குழந்தையின் உறுப்பு. கரு உண்டான ஐந்தாறு நாளில் அது ஒரு சிறு நீர்க்குமிழி மாதிரி இருக்கிறது. குமிழியின் உள்ளே ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில செல்கள் பிற்பாடு குழந்தையாகின்றன. வெளிச்சுவராக இருக்கும் செல்களோ குழந்தைக்கு வேண்டியதைச் சம்பாதித்துப் போடுவதற்காக நஞ்சுக்கொடியாகின்றன. இவற்றுக்கு 'டிரோபோபிளாஸ்ட்' என்று பெயர். ஆகவே நஞ்சுக்கொடியில் பாதித் தகப்பன் வழிச் சொத்து, பாதித் தாய் வழிச் சொத்து. இந்தப் பாதிக்குப் பாதி சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நிறைமாதத்தில் அது அரைக் கிலோ எடை, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். உள்ளே வேர் வேராகக் கிளைத்திருக்கும் இழைகளையெல்லாம் பிரித்து விரித்தால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும்; ஒரு நல்ல படுக்கையறையின் தரைக்குச் சமானம். கர்ப்பப்பைக்கு அப்போது நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வந்து போகிறது. குழந்தைக்கு நுரையீரல், சிறுநீரகம், இரைப்பை எல்லாம் இந்த ஒன்றுதான். ஒன்பது மாதமும் உழைத்துவிட்டுக் குழந்தை வெளியே வந்த அரை மணியில் உத்தியோகத்தை விட்டுப் போய்விடுகிறது. பென்ஷன் கூடக் கிடையாது!

அத்தனை ரத்தம் எங்கிருந்து வருகிறது? செங்கற்பட்டுச் சீமைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஏரி மாவட்டம் என்றே பெயரெடுத்த ஜில்லா அல்லவா? ஏரி நிரம்ப வேண்டுமானால் வரத்துக் கால்வாய் அகலமாக இருக்க வேண்டும். மழைக்கு முன்னால் ஊர் ஜனங்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கால்வாயைத் தூர் வாரி அகலப்படுத்துவார்கள். குடிமராமத்து என்பது அதுதான்.

கர்ப்பப்பையிலும் அதே குடிமராமத்து நடக்கிறது. தாயின் கர்ப்பப்பைச் சுவரில் திருகு திருகாய் வளைந்த மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. டிரோபோபிளாஸ்ட் செல்களில் ஒரு பிரிவு, மண்வெட்டி தூக்கிய கூலிப்படை மாதிரி, தாயின் சுவருக்குள் இறங்கிப் போய் அந்தக் குழாய்களின் இறுக்கமான தசையைக் கரைத்து அகலமான வாய்க்கால்களாக மாற்றுகிறது. இந்த வேலை கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே, ஏறக்குறைய 20 வாரத்துக்குள், முடிந்தாக வேண்டும். முடியாமல் போனால்? படை பாதி வழியில் நின்றுவிட்டால்? வாய்க்கால் குறுகலாகவே நின்றுவிடும். முதலில் ஒன்றும் தெரியாது. குழந்தை வளர வளரத் தண்ணீர்ப் பஞ்சம் வரும். வாடிய நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிடும். தாயின் ரத்தக் குழாய்கள் இறுகும். அழுத்தம் ஏறும். சிறுநீரில் புரதம் வழியும். முகம் உப்பும், தலை வலிக்கும், கண்ணில் பூச்சி பறக்கும். இதற்குப் 'பிரீ எக்ளாம்ப்ஸியா' என்று பெயர். முற்றினால் வலிப்பு, நம் பாட்டிமார் 'ஜன்னி கண்டுவிட்டது' என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்களே, அதுதான்.

நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். எட்டாம் மாதத்தில் தலைகாட்டினாலும் அதன் விதை பல சமயம் மூன்றாம் நான்காம் மாதத்திலேயே விழுந்துவிடுகிறது. என் தங்கை ஊறுகாய் ஜாடியைத் திறப்பதற்கு எவ்வளவோ முன்பு!

சென்னைக்கும் இந்த நோய்க்கும் பழைய வழக்கு உண்டு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனன், வலிப்புடன் வந்து சேரும் தாய்மார்களை லார்காக்டில், ஃபெனர்கன், பெத்திடின் என்ற மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து உறங்க வைத்துக் காப்பாற்றும் முறை ஒன்றை வகுத்தார். 1961-இல் அவர் அதைப் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 'மேனன் முறை' என்றே அதற்குப் பெயர் வந்து, இந்தியா முழுவதும் பிரசவ ஆஸ்பத்திரிகளில் அது நெடுங்காலம் வழங்கியது. எத்தனை குடும்பங்களில் தாயில்லாப் பிள்ளை என்ற பேச்சு எழாமல் போயிற்றோ, யார் கணக்கெடுத்தார்கள்?

பிற்பாடு அதைவிடச் சிறந்தது வந்தது. அது புது மருந்தும் அல்ல, மெக்னீஷியம் ஸல்பேட். மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கொடுப்பார்களே, அதே சரக்கு! சுத்தப்படுத்தி ஊசி மூலம் ஏற்றினால் வலிப்பை அடக்குகிறது. மற்ற மருந்துகளைவிட இதுவே மேல் என்று 1995-இல் பல நாடுகளில் நடந்த ஒரு பெரும் பரிசோதனை நிரூபித்தது. 2002-இல் 10,000-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த இன்னொரு பரிசோதனை, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் அந்த ஆபத்து பாதிக்கு மேல் குறைகிறது என்று காட்டியது. (வீட்டில் யாரும் பேதி உப்பைக் கரைத்துக் குடித்துவிட வேண்டாம். இது ஆஸ்பத்திரியில், அளவு பார்த்து, பக்கத்தில் நர்ஸ் உட்கார்ந்துகொண்டு கொடுக்க வேண்டிய மருந்து.)

ஆனாலும் இவையெல்லாம் எரிகிற வீட்டில் தண்ணீர் ஊற்றுகிற காரியம். தீ எங்கே பற்றியது? குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தால் நோய் மெல்ல மெல்ல இறங்கிவிடுகிறது என்பதை டாக்டர்கள் நெடுநாளாய்க் கண்டிருந்தார்கள். ஆகவே குற்றவாளி நஞ்சுக்கொடிதான் என்று தெரியும். அது எந்த ஆயுதத்தால் தாக்குகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

ஆயுதத்தைக் கண்டுபிடித்ததில் முக்கியமான பங்கு நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன ஒருவருடையது. டாக்டர் ஆனந்த் கருமாஞ்சி பிரசவ வைத்தியர் அல்ல, சிறுநீரக வைத்தியர். பாஸ்டன் நகரத்தில் அவரும் ஷாரன் மேனார்டு என்ற பெண் டாக்டரும் மற்றவர்களும் சேர்ந்து, நோய் கண்ட நஞ்சுக்கொடிகளில் ஒரு புரதம் அளவுக்கு மீறிச் சுரப்பதை 2003-இல் அறிவித்தார்கள். ரத்தக் குழாய்கள் ஆரோக்கியமாக இருக்க உடம்பில் சில வளர்ச்சிப் பொருள்கள் உலாவ வேண்டும். இந்தப் புரதம் பஞ்சு மாதிரி அவற்றை உறிஞ்சிக்கொண்டு விடுகிறது. கர்ப்பமான எலிகளின் உடம்பில் இதைப் புகுத்தினார்கள். எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. நோய் அப்படியே நகல்! பாட்டி சொன்ன 'நஞ்சு' பாதி உண்மையாகிவிட்டது பாருங்கள். இந்தப் புரதத்தை ரத்தத்தில் அளந்து, யாருக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு பரிசோதனைக்கு 2023-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

சரி, ஆயுதம் அகப்பட்டது. ஆனால் கூலிப்படை ஏன் பாதி வழியில் நின்றது? அதைத்தான் இப்போது ஸ்டெம் செல்களைக் கொண்டு தேடுகிறார்கள். இதில் உள்ள கஷ்டத்தை முதலில் சொல்ல வேண்டும்.

தப்பு நடந்தது மூன்றாம் மாதம். நஞ்சுக்கொடி கையில் கிடைப்பது பிரசவத்துக்குப் பிறகு. திருடன் வந்து போய் ஆறு மாதம் கழித்துப் போலீஸார் வீட்டைச் சோதனை போடுவது போல! நடுவிலே கர்ப்பப்பைக்குள் புகுந்து எட்டிப் பார்க்கவும் முடியாது. தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. மிருகங்களிடம் பார்க்கலாமென்றால், இந்த நோய் தானாக வருவது ஏறக்குறைய மனித ஜாதிக்கு மட்டும்தான். எலியின் நஞ்சுக்கொடி அமைப்பே வேறு.

ஆகவே நஞ்சுக்கொடியின் ஆரம்ப நாட்களைக் கண்ணாடித் தட்டிலே மறுபடி நடத்திப் பார்க்க வேண்டும். அதற்கு நஞ்சுக்கொடியின் ஸ்டெம் செல் வேண்டும்.

ஸ்டெம் செல் என்றால் என்ன என்று கேட்கும் சகோதரிகள் அடுப்பங்கரையில் உறைமோர்க் கிண்ணத்தைப் பார்த்தால் போதும். இன்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் அது நாளைக்கு உறை. நாளைத் தயிரில் ஒரு கரண்டி மறுநாளைக்கு. உறை தீர்வதே இல்லை. மீதித் தயிரோ மோராகலாம், வெண்ணெயாகலாம், மோர்க்குழம்பாகலாம். ஸ்டெம் செல்லும் அப்படியே. பிரிந்து பெருகித் தன்னைத் தானே வைத்துக்கொள்ளும். வேண்டியபோது வேறு வேறு வேலைக்கான செல்களாகவும் மாறும். நஞ்சுக்கொடியின் ஸ்டெம் செல் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, நான் சொன்ன மண்வெட்டிப் படை. இன்னொன்று, பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து சுவரே இல்லாத ஒரே விரிப்பாகித் தாயின் ரத்தத்தை எதிர்கொண்டு நிற்கும் மேல்தோல்.

அந்த மேல்தோலைப் பற்றி ஓர் அதிசயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. செல்களை ஒன்றாக ஒட்டவைக்கும் பசை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு வைரஸிடமிருந்து! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நம் மூதாதைக் குரங்கினத்தைத் தொற்றிய ஏதோ ஒரு வைரஸின் ஜீன் அப்படியே பரம்பரையில் தங்கிவிட்டது. செல்லுக்குள் புகுவதற்காக வைரஸ் வைத்திருந்த சூழ்ச்சியைத்தான் நஞ்சுக்கொடி பசையாக உபயோகிக்கிறது என்று 2000-இல் கண்டுபிடித்தார்கள். பகையாளியாக வந்தவன் வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்ட கதை!

எலியின் நஞ்சுக்கொடி ஸ்டெம் செல்லைக் கனடாவில் ஜானட் ராசன்ட் என்ற அம்மையாரின் ஆராய்ச்சிக் குழு 1998-இல் வளர்த்துக் காட்டிவிட்டது. மனித செல் மட்டும் மசியவில்லை. தட்டில் போட்டால் சில நாளில் பிரிவதை நிறுத்திவிடும். உறை புளித்துப் போகிற மாதிரி. இருபது வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் ஜப்பானில் செண்டாய் நகரத்துத் தோஹோகு சர்வகலாசாலையில் ஹிரோவாகி ஒகாய், தகஹிரோ அரிமா ஆகியோர் 2018-இல் சரியான பக்குவத்தைக் கண்டுபிடித்தார்கள். எந்த ஊட்டத்தைச் சேர்ப்பது, எந்த ரசாயனச் சைகையைத் தூண்டுவது, எதை அடக்குவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மாதக்கணக்கில் பெருகும் செல்களை எடுத்தார்கள். அவை இரண்டு வழியிலும் போயின: படையாகவும் மாறின, மேல்தோலாகவும் மாறின.

அதே வருஷம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் மார்கரீட்டா டர்கோ, ஆஷ்லி மோஃபெட் என்ற இரு பெண் விஞ்ஞானிகளின் குழு இன்னும் ஒரு படி மேலே போய், நஞ்சுக்கொடியின் குட்டி உருண்டைகளையே தட்டில் வளர்த்தது. இவை உண்மையில் நஞ்சுக்கொடி மாதிரிதான் நடக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மருந்துக் கடையில் வாங்கிக் குளியலறையில் வைத்துப் பார்க்கிறோமே, கர்ப்பம் உண்டா என்று, அந்தச் சோதனை அட்டையை வாங்கி உருண்டைகள் வளர்ந்த திரவத்தில் பார்த்தார்கள். கோடு விழுந்துவிட்டது! தட்டு 'உண்டாகியிருக்கிறது'!

இந்த வித்தையை வைத்துக்கொண்டு என்ன சாதித்தார்கள்? முதலில் முத்துப்பிள்ளை. கருவே இல்லாமல் திராட்சைக் கொத்து மாதிரி நீர்க் கொப்புளங்களாகக் கர்ப்பப்பை நிறைந்துவிடும் அந்தப் பொய்க் கர்ப்பத்தைப் பற்றிச் சில வீடுகளில் இன்னமும் காதும் காதும் வைத்தாற்போலத்தான் பேசுகிறார்கள். முழு முத்துப்பிள்ளையில் இருப்பது தகப்பன் வழிச் சொத்து மட்டும்தான். தாய் வழி ஜீன்கள் அதில் இல்லை. தோஹோகு குழுவினர் முத்துப்பிள்ளையிலிருந்தே ஸ்டெம் செல்களை வளர்த்தார்கள். சாதாரண செல்கள் தட்டில் நெருக்கடி வந்ததும் பெருகுவதை நிறுத்திக்கொண்டன. முத்துப்பிள்ளைச் செல்களோ இடமில்லாவிட்டாலும் முண்டிக்கொண்டு பெருகின. தாய் வழியில் வரவேண்டிய ஒரு 'போதும்' என்னும் ஜீன் அங்கே வேலை செய்யவில்லை என்று 2019-இல் சொன்னார்கள். பிள்ளைகளைப் 'போதும்' என்று அடக்குவது எப்போதும் தாயின் வேலையாகவே இருந்திருக்கிறது போலும்!

அடுத்தது நம் வழக்கு. அதே 2019-இல் அமெரிக்காவில் மிஸௌரி சர்வகலாசாலையில் ஒரு காரியம் செய்தார்கள். பிரீ எக்ளாம்ப்ஸியா சீக்கிரமே வந்து குறைப்பிரசவமான குழந்தைகளின் தொப்புள்கொடியிலிருந்து செல் எடுத்தார்கள். சுகமாகப் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடியிலிருந்தும் எடுத்தார்கள். செல்லின் காலத்தைப் பின்னுக்குத் திருப்பி அதை மறுபடி ஸ்டெம் செல்லாக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-இல் கண்டுபிடித்து 2012-இல் நோபல் பரிசு வாங்கிய முறை. அப்படித் திருப்பி, பிறகு டிரோபோபிளாஸ்டாக மாற்றி, ஒரு பசைப் படலத்தைத் துளைத்து மறுபக்கம் போகவிட்டார்கள். ஒரு வகையில், அந்தக் குழந்தைகளின் மூன்றாம் மாதத்தையே திரும்ப அழைத்துக்கொண்டு வந்தார்கள்!

பிராணவாயு குறைவாக இருந்தபோது இரண்டு வகைச் செல்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிராணவாயுவைக் கூட்டியதும் நோய் கண்ட பிரசவங்களின் செல்கள் தளர்ந்துவிட்டன. படலத்தைத் துளைத்துப் போனவை குறைவு. இங்கே ஊறுகாய் இல்லை, ஸ்கூட்டர் இல்லை, கிரகணம் இல்லை, தாயே இல்லை! வெறும் தட்டில், செல்லின் சுபாவத்திலேயே அந்தத் தளர்ச்சி ஓரளவு இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு நான் தாம்தூம் என்று குதிக்கப் போவதில்லை. ஆராய்ந்த குடும்பங்கள் கொஞ்சம். தட்டிலே தாயின் ரத்த ஓட்டம் கிடையாது. வருகிறவன் யார் என்று விசாரித்து உள்ளே விடும் கர்ப்பப்பைக் காவல் செல்களும் கிடையாது. அந்தக் காவல் செல்களுக்கும் குழந்தையின் தகப்பன் வழிச் சின்னங்களுக்கும் ஒத்துப் போகாவிட்டால் நோய் வருவது அதிகம் என்பதை மோஃபெட் அம்மையாரின் குழு 2004-இலேயே காட்டியிருக்கிறது. தாயின் வயது, எடை, முன்பே இருக்கும் ரத்த அழுத்தம், நீரிழிவு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆகவே தட்டில் கிடைப்பது சாட்சிகளில் ஒன்று, தீர்ப்பு அல்ல.

இங்கேதான் அந்தப் பாதிக்குப் பாதி கணக்கு வருகிறது. அமெரிக்காவில் யூடா மாகாணத்துப் பிறப்புக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து 2001-இல் ஒரு விஷயம் வெளியிட்டார்கள். பிரீ எக்ளாம்ப்ஸியாவோடு பிறந்த ஆண் பிள்ளை வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டால், அவன் மனைவிக்கும் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு!

இதை நான் காட்டாங்குளத்தூர் வீட்டுக் கூடத்தில் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் கையை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இவன் பிறந்தபோது எனக்கு மூணு நாள் நினைவே இல்லை" என்றார் மெதுவாக. "ஜன்னி என்றார்கள். கண் விழித்தபோது பிள்ளை பக்கத்தில் இருந்தது. அப்போதும் என்னைத்தான் சொன்னார்கள். நான் வேப்பமரத்தடியில் தூங்கினேனாம்."

ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு வந்ததை வைத்து விஞ்ஞானம் ஒன்றையும் ருசுப்படுத்திவிட முடியாது. எனக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மாள் மருமகளைப் பார்த்த பார்வை அன்றைக்கு மாறிற்று. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நம் நாட்டிலும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. 2015 முதல் குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளை ஆரம்ப மாதத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து, குறைப்பிரசவம் ஏன் நேர்கிறது என்று ஃபரீதாபாத்திலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தார் தேடி வருகிறார்கள். தமிழ்நாட்டில் பிரசவ மரணம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. 54 என்பது சிறிய எண்தான், நம் வீட்டில் ஒன்றாக இல்லாத வரையில்.

ஸ்டெம் செல் என்ற பெயரைச் சொன்னதும் சிலருக்கு வேறொன்று ஞாபகம் வரும். கர்ப்பிணிகளுக்கு வரும் வழவழப்பான விளம்பரத் தாள்கள்! "குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பத்திரப்படுத்துங்கள், பிற்காலத்தில் அவனுக்கே உதவும்" என்று தவணையில் பணம் கேட்பார்கள். இது நான் சொன்ன ஆராய்ச்சி அல்ல. தன் குழந்தைக்கே பிற்காலத்தில் உபயோகப்படும் என்று சேமித்து வைப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. தொப்புள்கொடி ரத்தம் தவிர நஞ்சுக்கொடி முதலியவற்றைச் சேமித்து வைக்க அனுமதியும் இல்லை என்றது. கையெழுத்துப் போடுமுன் டாக்டரைக் கேளுங்கள். வளைகாப்பு மொய்ப் பணம் அதற்காக இல்லை.

ஆராய்ச்சி ஒரு பக்கம் நடக்கட்டும். இன்றைக்கு நம் கையில் இருப்பது என்ன? ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொள்வது. 140-க்கு 90 என்றாலே எச்சரிக்கை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, இவை வந்தால் தைலம் தேட வேண்டாம், ஆட்டோ தேடுங்கள். உப்பைக் குறைத்தால் இது வராது என்பது சரியில்லை. பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் ஆபத்து உண்டு. முன்பு வந்தவர்களுக்கும், வேறு காரணங்களால் வரக்கூடியவர்களுக்கும் டாக்டர்கள் மூன்றாம் மாதத்திலிருந்தே சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். 2017-இல் 1,776 கர்ப்பிணிகளிடம் நடந்த பரிசோதனையில், தினம் இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிவரும் கடுமையான வகை 100-க்கு 62 பங்கு குறைந்தது. ஆனால் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மாமி அல்ல. இந்த நோய் வந்து போனவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வருவது அதிகம். ஆகவே பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தரம் அழுத்தம் பார்த்துக்கொள்வது அவசியம்.

சென்ற வருஷம் என் தங்கைக்கு இரண்டாம் பிரசவம். டாக்டரம்மா ஆரம்பத்திலிருந்தே மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ராத்திரி ஒன்பது மணியானால் மாமியாரே டம்ளரில் தண்ணீரோடு வந்து நிற்பார். வளைகாப்பன்று மோதிரம் கழன்றதா என்று முதலில் கழற்றிப் பார்த்ததும் அவர்தான். நிறைமாதத்தில் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ.

குழந்தையைத் துடைத்து மார்பில் போட்டுவிட்டு, நர்ஸம்மா தட்டை எடுத்துக்கொண்டு நகரப் போனாராம். இவள் தலையைத் தூக்கி, "அதைக் கொஞ்சம் காட்டுங்கள், சிஸ்டர்" என்றாளாம்.

"இதையா? இதை யாரும் கேட்டதில்லையே, அம்மா!" என்று சிரித்துக்கொண்டே அவர் தட்டைச் சாய்த்துக் காட்டினாராம்.

"எப்படியடி இருந்தது?" என்று கேட்டேன்.

"வேர் விட்ட மரம் மாதிரி இருந்தது, அக்கா" என்றாள். "முதல் தடவை இதைப் பார்க்காமலே போய்விட்டேனே."

உள்ளேயிருந்து பெரியவன் ஓடி வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தான்.